ஒரு சொல்லுக்காக வேலை இழந்த பேராசிரியர்

நரகத்துக்கு முடிவு உண்டா? சீமையைக் கலக்கிய பெரிய வாதம்

லண்டன் நகரம். 1853-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந் தேதி.

கிங்ஸ் காலேஜ் என்ற பெரிய கல்லூரியின் நிர்வாக சபை அன்று கூடியது. நாட்டிலே பெயர் பெற்ற பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். பிற்காலத்தில் நான்கு முறை இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த கிளாட்ஸ்டனும் அவர்களில் ஒருவர். அப்போது அவர் நிதி மந்திரி.

ஒரு பேராசிரியரை விசாரித்து முடிவு செய்வதற்காக அவர்கள் கூடினார்கள்.

அவர் கல்லூரிப் பணத்தைக் கையாடினாரா? இல்லை. குடித்துவிட்டு வகுப்புக்கு வந்தாரா? அதுவும் இல்லை. அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி எதிரிகள்கூட ஒரு குறை சொன்னது கிடையாது.

பின் என்ன குற்றம்?

"நித்தியம்" என்ற ஒரு சொல்லுக்கு அவர் வேறு பொருள் சொல்லிவிட்டார். அதுதான் குற்றம்!

யார் அவர்?

அவர் பெயர் பிரெடரிக் டெனிசன் மாரிஸ். அப்போது அவருக்கு வயது 48. ஆங்கிலத் திருச்சபையின் பாதிரியார். கிங்ஸ் காலேஜில் 1840-ம் ஆண்டு முதல் ஆங்கில இலக்கியமும் சரித்திரமும் கற்பித்தார். 1846-ம் ஆண்டு முதல் வேத சாஸ்திரமும் கற்பித்தார். பாதிரியார் வேலைக்குப் படிக்கும் வாலிபர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள்.

அதற்கு முன்பு அவர் லண்டனிலுள்ள கைஸ் ஆஸ்பத்திரியில் பத்து ஆண்டுகள் பாதிரியாராக இருந்தார். அங்கே கிடந்த நோயாளிகள் ஏழைகள். அவர்களில் பலர் சாகப்போகிறவர்கள். அவர்களுடைய கட்டில் பக்கத்திலே உட்கார்ந்து வேதம் வாசித்தார். ஜெபம் செய்தார்.

சாகப்போகும் மனிதனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். "எனக்கு அப்புறம் என்ன ஆகும்?"

அந்தக் கேள்வி மாரிசுக்குப் புதிது அல்ல. சிறு வயதிலேயே தன் வீட்டில் அவர் அதைக் கேட்டிருக்கிறார்.

பிளவுபட்ட வீடு

மாரிஸ் 1805-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் மைக்கேல் மாரிஸ் ஒரு போதகர். அவர் "யூனிட்டேரியன்" என்ற சபையைச் சேர்ந்தவர். கடவுள் ஒருவரே, இயேசு கடவுள் அல்ல என்பது அந்தச் சபையின் கொள்கை. கடவுள் அன்பே உருவானவர், எல்லா மனிதருக்கும் தகப்பன் என்று அவர் போதித்தார்.

வீட்டில் பெண் குழந்தைகள் அதிகம். அவர்கள் வளர வளர, தகப்பனாரின் கொள்கை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மகள் ஆங்கிலத் திருச்சபையின் பக்கம் போனார். இன்னொரு மகள் பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். "அப்பா! இனிமேல் உங்கள் ஆலயத்துக்கு நாங்கள் வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அதை நேரில் சொல்லவில்லை. கடிதம் எழுதினார்கள்! ஒரே வீட்டில் இருந்துகொண்டே தகப்பனும் மக்களும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நேரில் பேசினால் மனம் புண்படும் என்ற பயம்.

கடைசியில் தாயாரும் மாறினார்.

தாயின் பயம்

தாயார் பெயர் பிரிசில்லா. அவர் கால்வின் என்ற பெரியார் வகுத்த கொள்கையை ஏற்றுக்கொண்டார்.

உலகம் உண்டாவதற்கு முன்பே, மோட்சம் போகிறவர் யார் யார் என்று கடவுள் தேர்ந்து எடுத்துவிட்டார் என்பது அந்தக் கொள்கை. தேர்ந்து எடுக்கப்பட்டவர்கள் கரை ஏறுவார்கள். மற்றவர்களுக்கு முடிவில்லாத நரகம்.

பிரிசில்லா இதை முழுமனதோடு நம்பினார். ஆனால், தேர்ந்து எடுக்கப்பட்டவர்களில் தானும் ஒருத்தி என்று மட்டும் அவரால் நம்ப முடியவில்லை!

நினைத்துப் பாருங்கள். நல்ல தாய். பக்தி உள்ள தாய். அப்படிப்பட்டவர், "எனக்கு மோட்சத்தில் இடம் இல்லை" என்ற நினைப்போடு நாட்களைக் கழித்தார். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாரிஸ் வளர்ந்தார்.

தகப்பனாரின் கடவுள் எல்லாருக்கும் தகப்பன். தாயாரின் கடவுள் சிலரை மட்டும் சேர்த்துக்கொள்ளுகிறவர். இரண்டில் எது உண்மை?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே மாரிசின் வாழ்நாள் கழிந்தது. அவர் தகப்பனாரின் சபையிலும் இருக்கவில்லை. தாயாரின் கொள்கையையும் ஏற்கவில்லை. 1831-ம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். 1834-ம் ஆண்டு பாதிரியார் ஆனார்.

பழைய சண்டை

நரகத்துக்கு முடிவு உண்டா என்ற வாதம் மாரிஸ் காலத்தில் தொடங்கியது அல்ல. அது ஏறக்குறைய கிறிஸ்தவ மதத்தின் வயது உடையது.

மூன்றாம் நூற்றாண்டில், எகிப்து நாட்டில் அலெக்சாண்டிரியா நகரில் ஓரிஜன் என்ற மகா பண்டிதர் இருந்தார். தண்டனை என்பது வைத்தியம் போன்றது என்று அவர் கருதினார். வைத்தியர் கட்டியைக் கீறுகிறார். வலிக்கிறது. ஆனால், அது நோயாளி பிழைப்பதற்காகத்தான். அதுபோலக் கடவுளின் தண்டனையும் மனிதனைத் திருத்துவதற்கே. கடைசியில் எல்லா உயிரும் கடவுளிடம் திரும்பும் என்று அவர் நம்பினார்.

இதற்கு நேர் எதிராக வாதாடியவர் அகுஸ்தீனார். அவர் வட ஆப்பிரிக்காவில் பிஷப்பாக இருந்தவர். 430-ம் ஆண்டு காலமானார்.

மத்தேயு எழுதிய சுவிசேஷம் 25-ம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை அவர் எடுத்துக் காட்டினார். பசித்தவனுக்குச் சோறு போட்டவர்களும், போடாதவர்களும் கடைசி நாளில் இரண்டு பக்கமாகப் பிரிக்கப்படுவதைச் சொல்லும் இடம் அது. நல்லவர்களுக்கு "நித்திய ஜீவன்"; கெட்டவர்களுக்கு "நித்திய ஆக்கினை".

இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. நித்திய ஜீவனுக்கு முடிவு இல்லை என்றால், நித்திய ஆக்கினைக்கும் முடிவு இருக்க முடியாது. நரகத்துக்கு முடிவு உண்டு என்று சொன்னால், மோட்சத்துக்கும் முடிவு உண்டு என்று சொல்லவேண்டி வரும்! இதுதான் அகுஸ்தீனாரின் வாதம்.

பலமான வாதம். அதுவே ஜெயித்தது. 553-ம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் கூடிய மகாசபை ஓரிஜனைக் கண்டித்தது. அவர் இறந்து முந்நூறு ஆண்டுகள் கழித்து!

ஆனாலும் ஓரிஜனின் நம்பிக்கை அடியோடு அழிந்துவிடவில்லை. ஏனென்றால், அந்தப் பக்கத்துக்கும் வேத வசனங்கள் இருந்தன. ஆதாமினால் எல்லாரும் சாவது போலக் கிறிஸ்துவினால் எல்லாரும் உயிர் பெறுவார்கள் என்று பவுல் அப்போஸ்தலர் எழுதியிருக்கிறார். எல்லா மனிதரும் கரை ஏறவேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்றும் எழுதியிருக்கிறார்.

கடவுள் விரும்பியது நடக்காமல் போகுமா? இது ஒரு கட்சியின் கேள்வி.

மனிதன் பிடிவாதமாக மறுத்தால் கடவுள் என்ன செய்வார்? இது மற்றக் கட்சியின் கேள்வி.

எடுத்துவிட்ட விதி

இங்கிலாந்தில் ஒரு விசித்திரம் நடந்தது.

1553-ம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபைக்காக 42 விதிகள் வகுத்தார்கள். கடைசியில் எல்லாரும் கரை ஏறுவார்கள் என்று சொல்லுவது தவறு என்பது அவற்றில் 42-வது விதி.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, எலிசபெத் மகாராணி காலத்தில் அந்த விதிகளைத் திருத்தினார்கள். அப்போது 42-வது விதியை எடுத்துவிட்டார்கள்! விதிகள் முடிவில் 39 ஆயின. அந்த 39 விதிகளுக்குத்தான் ஆங்கிலத் திருச்சபையின் பாதிரிமார்கள் கையெழுத்துப் போட்டு வந்தார்கள்.

இந்தச் செய்தியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மாரிஸ் தன்னைக் காத்துக்கொள்ள இதைத்தான் எடுத்துக் காட்டினார்.

மாணவரின் கடிதம்

1849-ம் ஆண்டு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஹார்ட் என்ற வாலிபர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தக் கேள்வியால் மனம் அமைதி இல்லை. "முடிவில்லாத தண்டனை என்பதை நான் நம்பத்தான் வேண்டுமா?" என்று மாரிசுக்குக் கடிதம் எழுதினார்.

மாரிஸ் நவம்பர் மாதத்தில் நீண்ட பதில் எழுதினார். தன் மனதில் பல ஆண்டுகளாக இருந்ததை எல்லாம் அதில் கொட்டினார். கடவுளின் அன்புக்கு எல்லை கட்ட எனக்கு உரிமை இல்லை என்பதுதான் அதன் சாரம்.

அந்த ஹார்ட் பிற்காலத்தில் பெரிய வேத பண்டிதர் ஆனார். கிரேக்க மொழியிலுள்ள புதிய ஏற்பாட்டைப் பல ஏட்டுப் பிரதிகளோடு ஒப்பிட்டு, வெஸ்ட்காட் என்பவருடன் சேர்ந்து 1881-ம் ஆண்டு வெளியிட்டவர் அவரே.

ஒரு மாணவருக்குத் தனியாகச் சொன்னதை 1853-ம் ஆண்டு மாரிஸ் உலகத்துக்குச் சொன்னார். "வேத சாஸ்திரக் கட்டுரைகள்" என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதன் கடைசிக் கட்டுரை நித்திய ஜீவனையும் நித்திய மரணத்தையும் பற்றியது.

வந்தது வினை!

மாரிஸ் சொன்னது என்ன?

"நித்தியம்" என்றால் என்ன? எல்லாரும் அதை நீண்ட காலம் என்று நினைக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு, பதினாயிரம் ஆண்டு, கோடி ஆண்டு, அதற்கும் மேலே முடிவே இல்லாத காலம் என்று எண்ணுகிறார்கள்.

அது தவறு என்றார் மாரிஸ். நித்தியத்தைக் கடிகாரத்தால் அளக்க முடியாது. அது காலத்தின் நீளம் அல்ல. கடவுளுக்கு உரிய தன்மை.

கடவுளை அறிவதே நித்திய ஜீவன் என்று யோவான் சுவிசேஷம் 17-ம் அதிகாரத்தில் இயேசு சொல்லுகிறார். அப்படியானால், அது செத்த பிறகு தொடங்குவது அல்ல. இங்கேயே, இன்றே தொடங்கலாம்.

நித்திய மரணமும் அப்படித்தான். கடவுளை இழந்து, அன்பை இழந்து, தன்னந்தனியாக நிற்பதுதான் நித்திய மரணம். அன்பே இல்லாத மனிதன் உயிரோடு இருக்கும்போதே நரகத்தில் இருக்கிறான். நெருப்பைவிடக் கொடியது அந்தத் தனிமை!

சரி. அங்கே போனவன் திரும்பி வருவானா?

"வருவான் என்று சொல்ல எனக்குத் தெரியாது. வரவே மாட்டான் என்று சொல்லவும் எனக்குத் துணிவு இல்லை." மாரிசின் நிலை இதுதான். எல்லாரும் கட்டாயம் கரை ஏறுவார்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னது இல்லை. மனிதனுடைய பிடிவாதம் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியும். ஆனால், மரணத்தின் பாதாளத்தைவிடக் கடவுளின் அன்பு ஆழமானது என்று அவர் நம்பினார்.

கதவு திறந்திருக்கிறது என்று அவர் சத்தியம் செய்யவில்லை. பூட்டப்பட்டுவிட்டது என்று சொல்ல மறுத்தார். அவ்வளவுதான்.

முதல்வரின் பதில்

கல்லூரியின் முதல்வர் டாக்டர் ஜெல்ப். அவர் கெட்டவர் அல்ல. மாரிசின் மேல் அவருக்குச் சொந்தப் பகையும் கிடையாது. ஆனால், அந்தக் கட்டுரையைப் படித்ததும் அவர் திடுக்கிட்டார். இருவருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன.

முதல்வரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

கிங்ஸ் காலேஜ் ஆங்கிலத் திருச்சபைக்காக ஏற்பட்ட கல்லூரி. பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதை நம்பித்தான் அனுப்புகிறார்கள். நாளைக்குப் பாதிரியார் ஆகப்போகும் வாலிபர்களிடம், தலைமுறை தலைமுறையாக நம்பி வந்ததைப் பேராசிரியரே சந்தேகப்படும்படி பேசலாமா?

இன்னொன்றும் உண்டு. பயம் போனால் ஒழுக்கம் நிற்குமா? "எப்படியும் ஒருநாள் மன்னிப்புக் கிடைக்கும்" என்று தெரிந்தால் திருடன் திருட்டை விடுவானா? அன்று இங்கிலாந்தில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்தார்கள். நரகத்தை நினைத்துத்தான் பலர் நல்லவர்களாக இருக்கிறார்கள், அந்த அணையை உடைத்தால் ஊரே மூழ்கிப்போகும் என்று அஞ்சினார்கள்.

மாரிஸ் மேல் வேறு கோபமும் இருந்தது. அவர் தொழிலாளர்களோடு பழகினார். 1848-ம் ஆண்டு முதல், நாவல் ஆசிரியர் கிங்ஸ்லி, வக்கீல் லட்லோ ஆகியவர்களோடு சேர்ந்து "கிறிஸ்தவ சோஷலிசம்" என்ற இயக்கத்தை நடத்தினார். தையல்காரர்கள் தாங்களே சொந்தமாகக் கூட்டுறவுக் கடை நடத்தும்படி ஏற்பாடு செய்தார்கள். பணக்காரர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இது பிடிக்கவில்லை.

தீர்ப்பு

நிர்வாக சபையில் கிளாட்ஸ்டன் எழுந்தார். "இது நுட்பமான வேத விஷயம். வேதம் கற்ற பண்டிதர்கள் சிலரிடம் ஒப்படைத்து, ஆராய்ந்து அறிக்கை தரச் சொல்லுவோம். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்" என்ற கருத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

திருத்தம் தோற்றுவிட்டது!

மாரிசின் கருத்துக்கள் ஆபத்தானவை. மாணவர்களின் மனத்தைக் கலைக்கக் கூடியவை. அவர் பேராசிரியராக நீடிப்பது கல்லூரிக்குக் கேடு. இப்படித் தீர்மானம் நிறைவேறியது.

"என் கருத்து திருச்சபையின் எந்த விதிக்கு விரோதம்? அதைச் சொல்லுங்கள்" என்று மாரிஸ் கேட்டார். எடுத்துவிட்ட 42-வது விதியை அவர் நினைவூட்டினார். நம் முன்னோர்கள் வேண்டாம் என்று நீக்கிய விதியை, இன்று எனக்காக மட்டும் திரும்பக் கொண்டுவரலாமா என்பது அவருடைய வாதம்.

பலன் இல்லை. இரண்டு பேராசிரியர் பதவிகளும் போயின.

இன்னொரு கல்லூரி

மற்ற இடங்களில் தன்னால் தொல்லை வரக்கூடாது என்று மாரிஸ் நினைத்தார். லிங்கன்ஸ் இன் என்ற வக்கீல்கள் சங்கத்தின் ஆலயத்தில் அவர் பாதிரியாராக இருந்தார். அந்த வேலையையும் ராஜிநாமா செய்ய முன்வந்தார். வக்கீல்கள் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். "நீங்களே இருங்கள்" என்றார்கள்.

ஆஸ்தான கவி டென்னிசன், மாரிசின் நெருங்கிய நண்பர். தன் மூத்த மகன் ஹாலமுக்கு மாரிசை ஞானத் தகப்பனாக வைத்திருந்தார். "ஊர் முழுவதும் ஏசினாலும் என் வீட்டுக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கும்" என்ற கருத்தில், வைட் தீவிலுள்ள தன் வீட்டுக்கு வரச்சொல்லி, 1854-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு கவிதையே எழுதிவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய ஆறுதல் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக்கூடாது என்று அவரைத் தள்ளினார்கள் அல்லவா? தொழிலாளர்கள் அவரை விரும்பி அழைத்தார்கள்.

1854-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, ஏறக்குறைய சரியாக ஓர் ஆண்டு கழித்து, லண்டனில் தொழிலாளர் கல்லூரி திறக்கப்பட்டது. மாரிஸ்தான் முதல்வர். பகலெல்லாம் பட்டறையில் உழைத்தவர்கள் மாலையில் வந்து படித்தார்கள். பேரறிஞர் ரஸ்கின் அவர்களுக்குச் சித்திரம் கற்றுக்கொடுத்தார். ஓவியர் ரோசெட்டியும் கற்றுக்கொடுத்தார். நாவல் ஆசிரியர் டாம் ஹியூஸ் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தார்!

அந்தக் கல்லூரி இன்றும் லண்டனில் நடக்கிறது.

ஆப்பிரிக்காவில்

மாரிசின் நண்பர்களில் ஒருவர் கொலென்சோ. அவர் தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் என்ற இடத்துக்குப் பிஷப்பாகப் போனார். அங்கே இருப்பவர்கள் ஜூலு மக்கள்.

இங்கே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. ஜூலு மக்களின் தாத்தா, பாட்டன், முப்பாட்டன் யாரும் இயேசுவின் பெயரைக் கேட்டதே கிடையாது. அவர்கள் எல்லாரும் எரிந்துகொண்டிருக்கிறார்களா?

ஆமாம் என்று போதிக்கக் கொலென்சோவின் மனம் இடம் கொடுக்கவில்லை. 1861-ம் ஆண்டு வெளியிட்ட புத்தகத்தில் அதை மறுத்து எழுதினார். அதற்காகவும், வேதாகமத்தைப் பற்றி எழுதிய வேறு கருத்துக்களுக்காகவும் அவரைப் பதவியிலிருந்து நீக்குவதாகக் கேப்டவுன் பிஷப் தீர்ப்புச் சொன்னார். லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்புச் செல்லாது என்று 1865-ம் ஆண்டு சொல்லிவிட்டது.

கோர்ட்டில் நரகம்

இதற்கிடையில் நரகமே கோர்ட்டுக்கு வந்தது!

1860-ம் ஆண்டு "கட்டுரைகளும் விமர்சனங்களும்" என்ற புத்தகம் வெளிவந்தது. எழுதியவர்கள் ஏழு பேர். அவர்களில் வில்சன் என்ற பாதிரியார், கடைசியில் எல்லாரும் கடவுளிடம் அடைக்கலம் பெறலாம் என்று தன் நம்பிக்கையை எழுதியிருந்தார்.

வழக்குத் தொடர்ந்தார்கள். கீழ்க் கோர்ட்டில் வில்சனையும், வில்லியம்ஸ் என்ற மற்றொருவரையும் ஓர் ஆண்டு வேலையிலிருந்து நீக்கிவைக்கத் தீர்ப்பாயிற்று. அவர்கள் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்தார்கள்.

1864-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி, வெஸ்ட்பரி பிரபு தீர்ப்பை வாசித்தார். கெட்டவர்களுக்கும் கடைசியில் மன்னிப்புக் கிடைக்கலாம் என்று ஒரு பாதிரியார் நம்பிக்கை கொள்ளுவதைத் திருச்சபையின் விதிகள் தடுக்கவில்லை என்பதே தீர்ப்பு. 42-வது விதியை முன்னோர்கள் எடுத்துவிட்டதும் தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது.

மாரிஸ் பதினொரு ஆண்டுகளுக்கு முன் சொன்ன அதே வாதம்!

"செலவுத்தொகையோடு நரகத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார் வெஸ்ட்பரி" என்று லண்டனில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் எல்லாரும் சிரிக்கவில்லை. ஏறக்குறைய 11,000 பாதிரிமார்கள், தண்டனை முடிவில்லாததே என்று ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கட்சியின் தலைவர் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பியூசி.

பம்பாயில் பிறந்தவர்

கிங்ஸ் காலேஜில் மாரிசிடம் பாடம் கேட்டவர்களில் பாரர் என்ற ஒருவர் இருந்தார். அவர் 1831-ம் ஆண்டு நம் பம்பாயில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் அங்கே மிஷனெரியாக வேலை பார்த்தார்.

மாரிஸ் 1872-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து மாணவர் பாரர் தொடர்ந்தார்.

1877-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், லண்டனில் புகழ்பெற்ற வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் பாரர் பிரசங்கம் செய்தார். முடிவில்லாத சித்திரவதை என்ற போதனையை எதிர்த்துப் பேசினார். பெருங்கூட்டம் கேட்டது. மறு ஆண்டு "நித்திய நம்பிக்கை" என்ற பெயரில் அந்தப் பிரசங்கங்கள் புத்தகமாக வந்தன.

வயதான பியூசி சும்மா இருப்பாரா? 1880-ம் ஆண்டு பதில் புத்தகம் எழுதினார்.

பெரிய சண்டை நடக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு! இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எழுத எழுத இருவரும் நெருங்கி வந்தார்கள்.

மனிதரில் பெரும்பாலோர் நரகம் போவார்கள் என்று சொல்லத் திருச்சபைக்கு உரிமை இல்லை. இன்னார் நரகம் போனார் என்று எவரும் சொல்ல முடியாது. சாகும் தறுவாயில் ஒரு மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையே நடப்பது வேறு யாருக்கும் தெரியாது என்று பியூசி ஒப்புக்கொண்டார். எல்லாரும் கட்டாயம் கரை ஏறுவார்கள் என்று தானும் சொல்லவில்லை என்று பாரர் ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் நரகத்துக்கு முடிவு இல்லை என்பதைப் பியூசி விட்டுக்கொடுக்கவில்லை. பாரரும் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

பாரரின் பேரன் பெயரை உலகமே அறியும். இரண்டாவது உலகப் போரில் எல் அலமீன் சண்டையில் ஜெயித்த மாண்ட்கோமரிதான் அவர்!

இன்றும் முடியவில்லை

அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வாதம் ஓயவில்லை.

ஆங்கிலத் திருச்சபையின் குழு ஒன்று 1995-ம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. நரகம் என்பது நெருப்பில் வாட்டும் சித்திரவதை அல்ல, கடவுளை அடியோடு மறுத்தவன் இல்லாமலே போய்விடும் நிலை என்று அதில் எழுதினார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையோ, நரகம் உண்டு, அது நித்தியமானது என்றே போதிக்கிறது. ஆனால், இன்ன மனிதர் அங்கே இருக்கிறார் என்று யாரையும் பெயர் சொல்லி அது அறிவித்தது இல்லை.

அமெரிக்காவில் டல்சா என்ற ஊரில் கார்ல்டன் பியர்சன் என்ற நீக்ரோ வம்சப் போதகர் இருந்தார். அவருடைய ஆலயத்துக்கு வாரந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். ஒருநாள் அவர் டெலிவிஷனில் ருவாண்டா நாட்டு அகதிகளைப் பார்த்தார். எலும்பும் தோலுமான தாய்மார்கள். வயிறு வீங்கிய குழந்தைகள். இவர்கள் இயேசுவை அறியாமல் செத்தால் நேரே நரகத்துக்கா போவார்கள்?

அந்த நினைப்பு அவரை மாற்றிவிட்டது. எல்லாருக்கும் ரட்சிப்பு உண்டு என்று போதிக்கத் தொடங்கினார். 2004-ம் ஆண்டு, அவருடைய இனத்தைச் சேர்ந்த பிஷப்புகளே அவரை வேதப் புரட்டர் என்று அறிவித்தார்கள். கூட்டம் கலைந்தது. ஆலயக் கட்டிடமும் கையை விட்டுப் போயிற்று. ஆனாலும் அவர் தன் கொள்கையை விடவில்லை. 2023-ம் ஆண்டு காலமானார்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மாரிசுக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது.

கடைசி நேரம்

மாரிசைத் தள்ளிய கல்லூரி என்ன ஆயிற்று?

1866-ம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவரை அழைத்துப் பேராசிரியர் பதவி கொடுத்துவிட்டது. கிங்ஸ் காலேஜ் மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது. பிற்காலத்தில் அவர் பெயரால் அங்கே ஒரு சொற்பொழிவு ஏற்படுத்தினார்கள். ஒரு பேராசிரியர் பதவிக்கே அவர் பெயரை வைத்தார்கள். எந்த ஆசிரியரால் கல்லூரிக்குக் கேடு என்றார்களோ, அவருடைய பெயர் இன்று அந்தக் கல்லூரிக்குப் பெருமை!

மாரிஸ் இறந்தது ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாள். பேச்சுத் தடுமாறியது. ஆனாலும், ஆலயத்தில் வழிபாடு முடியும்போது பாதிரியார் சபைக்குச் சொல்லும் ஆசீர்வாதத்தை மெல்ல மெல்லச் சொன்னார். அதுவே அவருடைய கடைசிப் பேச்சு.

நரகத்துக்கு முடிவு உண்டா, இல்லையா? அதை அவர் தீர்த்துவைக்கவில்லை. தீர்த்துவைக்க முடியும் என்றும் சொல்லவில்லை.

"எனக்கு மோட்சத்தில் இடம் இல்லை" என்று பயந்துகொண்டிருந்த ஒரு தாயின் மகன் அவர். "ஆமாம், இடம் இல்லை" என்று எந்தத் தாயைப் பார்த்தும் சொல்ல மாட்டேன் என்றார். அதற்காக வேலையை இழந்தார்.